முன் சீட்டில் கிரைண்டர்

ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறட்டும். ஏறுகிற வேகத்தில்தான் ஏறும், நான் முறைத்துப் பார்த்தால் மட்டும் சீக்கிரம் ஏறிவிடப்போகிறதா. துவரங்குறிச்சி தாண்டி நாலுவழிச் சாலை ஓரத்தில் ஒரு டீக்கடை, அதை ஒட்டி ஒரு தகரக் கூரை, கூரைக்குக் கீழே பீரோ உயரத்துக்கு ஒரு சார்ஜர் பெட்டி. அதிலிருந்து தடியாக ஒரு கருப்பு வயர் வந்து என் வண்டியின் மூக்கில் மாட்டியிருக்கிறது. என் பெண்டாட்டி பவளத்துக்குக் கடைசியில் மூக்கில் மாட்டிவிட்டிருந்தார்களே, வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். திருச்சியில் மகள் கனி வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த பிளக்கில் காலையிலேயே சொருகித்தான் வைத்திருந்தேன், சாமான் ஏற்றி முடிக்கிறவரைக்கும் ஏறியது, ஊர் வரைக்கும் தாங்கும் என்றுதான் திரையும் காட்டியது, விராலிமலை தாண்டுவதற்குள் நம்பர் மளமளவென்று இறங்கிவிட்டது. பாரம். பாரத்துக்குத் தகுந்த மாதிரி கரண்டைக் குடிக்கிறது, அதன்மேல் குற்றமில்லை. இந்தப் பெட்டி வண்டியில் இவ்வளவு ஏறும் என்று செய்தவனே நம்பமாட்டான். பின் சீட்டை மடக்கிப் படுக்கப்போட்டு, டிக்கியில் அண்டா, அண்டாவுக்குள் வெண்கலப் பானை, பானைக்குள் தூக்குவாளி, தூக்குவாளிக்குள் தம்ளர், தம்ளர் சத்தம் போடாமல் இருக்க ஜாக்கெட்டுத் துணி. குத்துவிளக்கு இரண்டையும் கழற்றிப் புடவையில் சுற்றி மெத்தைக்குள் உருட்டியாயிற்று. மிக்ஸி, குக்கர், ஸ்டவ், டேபிள் ஃபேன், மடக்கு நாற்காலி இரண்டு, தையல் மிஷினின் தலை. ஒரு விரல் நுழையாது. முப்பது வருஷம் விருதுநகரில் லாரி ஆபீஸில் நின்று லோடு ஏற்றவைத்தவன் நான், தனுஷ்கோடி அண்ணாச்சி நின்றால் லாரியில் காற்றுக்கும் இடம் இருக்காது என்று டிரைவர்கள் சொல்வார்கள். எல்லாம் ஏறி, கடைசியாக மிஞ்சியது கிரைண்டர் ஒன்றுதான். அதையும் விடவில்லையே. முன் சீட்டில் தூக்கி உட்காரவைத்தேன். இதோ பக்கத்தில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்துகிறது. சீட்டில் பாரம் இருந்தால் ஆள் என்று நினைத்துக்கொள்கிறது, முட்டாள் வண்டி. சாவியைப் போட்டதும் கீங் கீங் கீங் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. சத்தமே வரக்கூடாது என்றுதானே இந்த வண்டியில் வந்தேன். என் மச்சினன் ராஜகுரு அப்படியா சொன்னான், மாமா, டெம்போ பிடிப்போம், நம்ம ஆளுக பத்துப் பேரு போவோம், சீர் சாமானை மாப்பிள்ளை வீட்டு வாசல்ல வச்சு எண்ணி எடுத்துட்டு வருவோம் என்று மீசையைத் தடவினான். பத்துப் பேர் போய் எண்ணி எடுத்தால் திருச்சியில் அந்தத் தெரு பார்க்கும். டெம்போ வந்து நின்றால் விருதுநகரில் என் தெரு பார்க்கும். கல்யாணத்துக்கு எங்கள் ஆபீஸ் லாரியிலேயே சீர் போனது. தார்ப்பாய் போடாதீங்கடா, திறந்தே போகட்டும் என்று நான்தான் சொன்னேன். தெருவே வாசலில் நின்று பார்த்தது, பவளம் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அதே சாமான் அதே தெருவில் திரும்பி வந்து இறங்கினால் என்ன கேட்பார்கள். ஒன்றும் கேட்கமாட்டார்கள், அதுதான் கொடுமை, பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அதனால்தான் நாலு மணி இருட்டில் கிளம்பிப் போய், காலையிலேயே சத்தமில்லாமல் ஏற்றி, மதியம் தெரு உறங்குகிற நேரத்தில் போய் இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இந்த வண்டி பூனை மாதிரி வரும், பூனை மாதிரி போகும். ஆனால் இங்கே சார்ஜுக்கு நிற்கவேண்டிவரும் என்று கணக்கில் இல்லை. இன்னும் நேரமானால் நாலு மணி ஆகிவிடும், பள்ளிக்கூடம் விட்டுவிடும், தண்ணீர் வந்துவிடும், குடத்தோடு எல்லாரும் வாசலில் நிற்பார்கள். ஏறு. சீக்கிரம் ஏறேன்.

கனியிடமும் அதைத்தான் சொன்னேன். வேல்கனி, என் ஒரே மகள். மாப்பிள்ளை பெங்களூர் போய் ஆடி வந்தால் மூன்று வருஷம், அங்கே வேறொரு குடித்தனம் இருப்பது எல்லாருக்கும் தெரிந்து, பேச்சுவார்த்தையெல்லாம் ஓய்ந்து, கோர்ட்டிலும் முடிந்துவிட்டது. போன வாரம் போனில் பேசினாள். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கப்பா, இந்த மாசத்தோட முடியுது என்றாள். சாமானை நான் வந்து எடுத்துட்டுப் போயிர்றேம்மா என்றேன். சரிப்பா என்றாள். அதோடு விடாமல் நான்தான் சொன்னேன், நீ கொஞ்ச நாள் கழிச்சு வா கனி, ராத்திரி பஸ்ஸுல ஏறினா விடியுமுன்ன வந்து இறங்கிரலாம், ஊர் வாயில எதுக்கு விழணும். அதற்கும் சரிப்பா என்றாள். அவள் எதற்குத்தான் சரி சொல்லவில்லை, அந்த மாப்பிள்ளைக்கும் சரிப்பா என்றுதான் சொன்னாள். அவள் அம்மா மாதிரி. பவளம் பந்தியில் இலையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் கேட்டு வாங்கமாட்டாள், பரிமாறுகிறவன் பார்த்துப் போட்டால்தான் உண்டு. பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும். நான் மூட்டையைப் பார்ப்பேன்.

இந்த வண்டியை வாங்கவைத்ததே கனிதான். பவளம் போனபிறகு என் பழைய ஸ்கூட்டரைப் பார்த்துப் பயந்து, திருச்சியிலிருந்து வந்து கையோடு ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு பொடியன் டை கட்டிக்கொண்டு, சார் சிட்டிக்குள்ள ஓட்ட ஜம்முனு இருக்கும் என்று பேட்டரியைப் பற்றியே பேசினான். நான் டிக்கியைத் திற என்றேன். திறந்தான். இரண்டு பை வைத்தால் மூடாது போலிருந்தது. இவ்வளவுதானா தம்பி, இதுல என்னத்தை ஏத்த என்றேன், சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன், அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின் சீட்டை மடக்கிக் காட்டினான், சார் இப்பப் பாருங்க, ஃப்ரிட்ஜே போகும். கனி அதற்குள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டி, கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா, மூட்டை ஏத்தவா வாங்குறோம், ஆளு போறதுக்குத்தான காரு, வந்து உக்காருங்க என்று பக்கத்தைத் தட்டினாள். அம்மா இருந்தா என்ன சொல்லுவா தெரியுமா, உங்கப்பாவுக்குச் சொர்க்கத்துல இடம் குடுத்தாலும் அங்க நாலு மூட்டை ஏறுமான்னுதான் பார்ப்பாருன்னு சொல்லுவா என்று சிரித்தாள். பவளம் அப்படித்தான் சொல்வாள். வண்டி வாங்கிய அன்றைக்கு இரண்டு பேரும் திருச்சுழி வரைக்கும் போய்வந்தோம். அதற்குப்பிறகு அந்த முன் சீட்டில் யார் உட்கார்ந்தார்கள்? காய்கறிப் பை உட்கார்ந்தது. ரேஷன் அரிசி உட்கார்ந்தது. தெருமுனை தாண்டி எங்கே போகிறேன் நான். வீட்டில் பேச ஆளில்லாமல் சில நாள் சாயந்திரம் வாசலில் நிற்கிற இந்த வண்டிக்குள் போய் உட்கார்ந்திருப்பேன், பாட்டுப் பெட்டியைப் போட்டால் ஒரு பொம்பளைக் குரல் வணக்கம் சொல்லும், அதற்குப் பதில் வணக்கம் சொல்லியிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே.

கண்ணாடியை யாரோ தட்டுகிறார்கள். டீக்கடை அம்மா. தலையில் துண்டு, கையில் கிளாஸ். ஐயா, உள்ளயே உக்காந்து வேகுறீகளே, டீ குடிங்க. வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை, குனிந்து வண்டிக்குள் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், அண்டா விளிம்பைப் பார்த்தாள், கிரைண்டரைப் பார்த்தாள், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “சீரு கொண்டுபோறீகளா? பொண்ணுக்குக் கல்யாணமா?” என்றாள். “ஆமா தாயி” என்றேன். எப்படி வந்தது அந்த ஆமா. இருமல் வருகிற மாதிரி வந்துவிட்டது. “எந்த ஊரு மாப்ள?” “திருச்சி.” “நல்லா இருக்கட்டும். ஆனா ஐயா, வண்டி மூக்கு மதுரைப் பக்கமுல்ல பாத்து நிக்குது?” என்று சிரித்துவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அவளே, “சார்ஜுக்குத் திருப்பி நிப்பாட்டிருப்பீக” என்று முடித்துக்கொண்டாள். அப்புறம் இன்னொரு தடவை உள்ளே எட்டிப்பார்த்தாள். “அம்புட்டையும் அடைச்சிட்டீகளே, பொண்ணு எதுல வருது?” யாரோ தோசை கேட்டார்கள், போய்விட்டாள். டீ சூடாக இருக்கிறது. சர்க்கரை தூக்கல். பொண்ணு பஸ்ஸில் வருது தாயி. ராத்திரி பஸ்ஸில். கொஞ்ச நாள் கழித்து.

அந்தப் பை. காலையிலிருந்து கண்ணில் விழுந்த தூசி மாதிரி அந்தப் பை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சாமானெல்லாம் ஏற்றி முடித்து நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது கனி கீழே இறங்கி வந்திருந்தாள், தோளில் ஒரு பை. சரி, வழியனுப்ப வந்திருக்கிறாள். வழியனுப்புகிறவள் பை எதற்கு மாட்டுகிறாள். ஏதாவது எனக்குக் கட்டிக்கொடுக்கச் சாப்பாடு வைத்திருப்பாள். கொடுக்கவில்லையே. தண்ணீர் பாட்டில் தலை நீட்டிக்கொண்டிருந்தது, அதையும் கொடுக்கவில்லை. கடைக்குப் போகிறாளோ என்னவோ. சேலை மாற்றியிருந்தாள். ஆமாம், சாமான் இறக்கும்போது பழைய நைட்டி, மேலே துண்டு, பிறகு பார்த்தால் அந்தப் பச்சைச் சேலை, தலை வாரி, செருப்பும் வெளியூருக்குப் போடுகிற செருப்பு, வார் வைத்தது. அப்போதே பார்த்தேன். பார்த்தேனா? கண் பார்த்தது, புத்தி முழுக்கக் கிரைண்டரை எங்கே வைப்பது என்பதில் இருந்தது. அவள் கீழ்வீட்டு வாசலில் நின்று வீட்டுக்காரம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் முன் கதவைத் திறந்து, மூச்சைப் பிடித்து, கிரைண்டரைத் தூக்கிச் சீட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து, பாத்தியா கனி, எல்லாம் ஏறிருச்சு, ஒண்ணும் மிஞ்சல என்றேன். பெருமையாகச் சொன்னேன். கடவுளே, பெருமையாகச் சொன்னேன். அவள் சீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஆமாப்பா, ஒண்ணும் மிஞ்சல என்றாள். திரும்பி வீட்டுக்காரம்மாவிடம் கையை நீட்டினாள், அந்தம்மா எதையோ அவள் கையில் வைத்தார்கள். சின்னதாக ஏதோ மின்னியது. சாவி. சாவியைக் கொடுத்திருந்தாள். கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கினாள்.

இல்லை, அப்படி இருக்காது. வருவதாக இருந்தால் வாய் திறந்து சொல்லமாட்டாளா, நானும் வாரேம்ப்பா என்று ஒரு வார்த்தை. சொன்னால் நான் வேண்டாம் என்றா சொல்வேன். சொல்வேனா? ராத்திரி பஸ், விடியுமுன்ன, ஊர் வாய், இதையெல்லாம் சொன்னவன் யார். அவள் கேட்காமலே நான்தான் பதில் சொல்லிவைத்திருந்தேனே. அப்படியும் சேலை கட்டி, தலை வாரி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்து நின்றிருக்கிறாள், அப்பா நேரில் பார்த்தால் ஏறிக்கோ என்று சொல்லிவிடுவார் என்று. நான் நேரில் பார்த்து, கிரைண்டரை ஏற்றினேன். வண்டி கத்தியதா, நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு பதறினேன், அதை நிறுத்தும்மா, தெருவே பாக்குது, பெல்ட்டைப் போடு, பெல்ட்டைப் போடு என்றேன். கனிதான் போட்டாள். தோளில் பையோடு குனிந்து, பெல்ட்டை இழுத்து, கிரைண்டரின் வயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்து, கிளிக் என்று மாட்டினாள். தன்னுடைய இடத்தில். ஒரு தடவை இழுத்துக்கூடப் பார்த்தாள், சரியாக மாட்டியிருக்கிறதா என்று. கதவை மெதுவாகச் சாத்தினாள், பாத்துப் போங்கப்பா, நான் பின்னாடி வாரேன் என்றாள். நான் சரிம்மா என்று ரிவர்ஸ் எடுத்தேன். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் மெத்தைதான் தெரிந்தது. அவள் எவ்வளவு நேரம் நின்றாளோ, தெரியவில்லை.

டீ ஆறிவிட்டது. ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் ஒன்றும்தான் மிஞ்சவில்லை. கட்டிலையும் பீரோவையும் வீட்டுக்காரம்மா வைத்துக்கொள்கிறேன் என்று நேற்றே கீழே இறக்கிவிட்டார்கள். மெத்தை என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தலையணை கண்ணாடிச் சாமானுக்கு இடையில் இருக்கிறது. ஃபேன் இங்கே, ஸ்டவ் இங்கே, நாற்காலி இரண்டும் இங்கே. ஒரு பாய் கிடந்தது மூலையில், அதையும் சுருட்டி இடுக்கில் சொருகினேன், இடம் வீணாகப்போகிறதே என்று. இன்றைக்கு ராத்திரி அவள் எதில் படுப்பாள். மத்தியானம் எதில் பொங்கிச் சாப்பிடுவாள். வெறும் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார என் மகளை விட்டுவிட்டு, அவளுடைய தம்ளரைப் பத்திரமாகத் துணி சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். தனுஷ்கோடி, உன்னை மாதிரி ஒரு மடையன் உண்டா. காற்றுக்கும் இடம் இல்லாமல் அடுக்கினாயே, பெற்ற பிள்ளைக்கு இடம் விட்டாயா. நானும் தனியாகத்தான் கிடக்கிறேன், அவளும் தனியாகத்தான் கிடக்கிறாள், ஆளுக்கொரு ஊரில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு, எதற்காக, குடம் தூக்குகிற நாலு பேர் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக. எனக்கு அழுகை வருகிறது. வரட்டும், கண்ணாடி ஏற்றித்தானே இருக்கிறது.

கதவைத் திறந்து இறங்கி, சுற்றி வந்து, முன் கதவைத் திறந்தேன். பெல்ட் சுலபத்தில் கழலவில்லை, அவள் இறுக்கமாகத்தான் மாட்டியிருந்தாள். கிரைண்டரைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். காலையில் தூக்கிய அதே கல்தான், இப்போது அசையமாட்டேன் என்கிறது. டீக்கடை அம்மா கரண்டியோடு ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தாள், இரண்டு பேருமாகக் கடைப் பெஞ்சில் கொண்டுபோய் வைத்தோம். “என்னங்கையா, ரிப்பேரா?” “இல்ல தாயி. நீயே வச்சுக்க. நல்லா ஓடும்.” அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். “ஆத்தாடி, சீர் சாமானை வழியில யாராச்சும் குடுப்பாகளா? பொண்ணுக்கு ஆகுமா?” என்று பயந்த குரலில் கேட்டாள். இனி எதற்கு மறைக்க. “கல்யாணத்துக்குப் போகல தாயி. கல்யாணம் முடிஞ்சுபோச்சு. சாமான் திரும்பி வருது. பொண்ணை விட்டுட்டு வந்துட்டேன், கூட்டிவரப் போறேன். அது உக்கார இடம் வேணும்.” அவள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, முன் சீட்டில் கிரைண்டர் உட்கார்ந்து பதிந்திருந்த மாவுக்கறையை அழுத்தித் துடைத்தாள். “வாரப்ப இங்கன நிப்பாட்டுங்க. பொண்ணுக்குச் சூடா தோசை போட்டுத் தாரேன்” என்றாள். நிறுத்தித்தான் ஆகவேண்டும். திருச்சி போய்த் திரும்ப இந்தச் சார்ஜ் காணாது, இதே கூரைக்குக் கீழே மறுபடியும் இவ்வளவு நேரம் நிற்கவேண்டும். கனியோடு நிற்பேன். போனை எடுத்தேன். ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

“சொல்லுங்கப்பா. ஊரு போய்ச் சேந்துட்டீங்களா?”

“இல்லம்மா. நீ எங்க இருக்க?”

“இங்கதான்.”

“இங்கன்னா எங்க?”

“மாடிப்படியில.”

“உள்ள போகலயா?”

“உள்ள போய் எதுல உக்கார?” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மா கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

“கனி, கிரைண்டரை இறக்கிட்டேன்மா.”

“எங்க?”

“வழியில, ஒரு டீக்கடையில. குடுத்துட்டேன்.”

“அது அம்மா பார்த்துப் பார்த்து வாங்குனதுப்பா.”

“தெரியும்மா. முன் சீட்டு காலியா இருக்கு. நான் திரும்பி வாரேன். கிளம்பி இரு.”

அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் போகிற சத்தம், மூக்கை உறிஞ்சுகிற சத்தம். நானும் உறிஞ்சினேன், அவளுக்கும் கேட்டிருக்கும்.

“அப்பா, வந்து கூட்டிட்டுப் போனா நம்ம தெருவுக்குப் போக நாலு மணிக்கு மேல ஆயிருமேப்பா. எல்லாரும் வாசல்ல நிப்பாங்களே.”

“நிக்கட்டும். கண்ணாடிய இறக்கிவிட்டுட்டே போவோம்” என்றேன். “இப்ப நீ எந்திரிச்சுப் போயி, அந்தச் சாவிய வீட்டுக்காரம்மாட்ட குடுத்துரு.”